மச்சான் வண்டிச் சத்தம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், அக்காவின் கணவரான மச்சான், தன் சிதம்பரத்துக் கடையில் உட்கார்ந்திருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்து இறந்துபோனார். பினாங்கிலிருந்து அவர் கப்பலில் கொண்டுவந்த பழைய ரேஸ் கார், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடியது, கடை வாசலிலேயே வெகுநாள் நின்றது. கணவனை இழந்தவள் வீட்டோடு துக்கம் காக்கும் நாலு மாதம் பத்து நாள், என் அக்காவின் இத்தா, முடிந்த பிறகுதான் அதைக் கடலூருக்கு ஓட்டிவந்தேன்.

எனக்குக் கடலூர் முதுநகரில் லாரிப் பட்டறை. மெட்ராஸ் பக்கம் சோழவரத்தில் பழைய விமானத் தளத்தில் நடக்கும் கார் பந்தயத்தை மச்சானும் நானும் ஒருமுறை போய்ப் பார்த்திருந்தோம். அடுத்த தடவை நம்ம வண்டியும் ஓடணும் என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த ஆசையை முடித்துவைக்க நினைத்தேன்.

பழைய வண்டி ஒரு சுற்று வேகமாக ஓடிவிடும். நாள் முழுக்கத் தாங்க வைப்பதுதான் பாடு. ரேடியேட்டரைக் கழற்றித் துரு போகக் கழுவினேன். பெட்ரோல் டாங்கின் அடியில் படிந்திருந்த மண்டியை வடித்தேன். பிரேக் ரப்பர்களும் தண்ணீர்க் குழாய்களும் புதிதாகப் போட்டேன். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து முறுக்கினேன். சாயங்காலங்களில் சிதம்பரம் ரோட்டில் விரட்டிப் பார்த்துவிட்டு, மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டு ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்துவேன்.

அப்போதெல்லாம் அக்கா முக்காட்டைச் சரிசெய்தபடி வாசலுக்கு வருவாள். என்னைப் பார்த்ததும் சற்று நின்றுவிட்டு உள்ளே போய்விடுவாள். எனக்காகத்தான் வருகிறாள் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் அவள் கையில், மச்சான் வீட்டுக்கு வந்ததும் மாற்றிக்கொள்ளும் கைலி மடித்தபடி இருந்தது.

"வரமாட்டாருன்னு தெரியும் தம்பி. சத்தம் கேட்டா காலு நிக்க மாட்டேங்குது," என்றாள். அந்தச் சத்தத்தை மாற்ற முடியுமா என்றும் கேட்டாள்.

மறுநாளே சைலன்சரைக் கழற்றிவிட்டு, ஒரு ஜீப்பினுடையதை வெட்டிப் பொருத்தினேன். அன்று அவள் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அதன் பிறகு தெருவில் எந்த வண்டி போனாலும் அவள் வெளியே வந்து நிற்பதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நானே ஒருமுறை பார்த்தேன். மணல் லாரி ஒன்று போனது. கதவைத் திறந்து, அது தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பழசையே மாட்டிடுப்பா," என்றாள். "அந்த ஒரு சத்தம் பொய்யின்னு தெரிஞ்சிருந்துச்சு. இப்ப எது அவரு வண்டின்னு தெரியல. எல்லாத்தயும் பாக்க வேண்டியிருக்கு."

பழையதையே மாட்டினேன். சோழவரத்தில் வண்டி நாள் முழுக்க ஓடியது. கொதிக்கவில்லை, பிரேக் ஒரு பக்கம் இழுக்கவில்லை. புதிய வண்டிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. 'எங்களை' என்றுதான் நினைத்தேன். பக்கத்து இருக்கை காலிதான். ஆனாலும் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஊருக்குத் திரும்பியதும், தன்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போக முடியுமா என்று அக்கா கேட்டாள். மச்சானின் கடையை அவள் பார்த்ததே இல்லை. மறுநாள் காலையில் போனோம். அங்கே இப்போது வேறு யாரோ பாத்திரம் விற்றுக்கொண்டிருந்தார். இறங்குகிறாயா என்று கேட்டேன். தலையை அசைத்து மறுத்தாள்.

"இஞ்சின நிறுத்து," என்றாள்.

நிறுத்தினேன். வெகுநேரம் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் எங்களைக் கவனித்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டபடி படியிறங்கி வந்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.