பத்து மணிக் கஞ்சியும் பரமநாதனின் எக்ஸோஸும்

பரமநாதன் முப்பத்தொரு வருடம் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரைக் கவனித்தவர். ஒரு திருகாணி வந்தாலும் அதற்கு எடை, அளவு, வந்த நாள் எழுதிச் சீட்டுக் கட்டுவார். ஜெலுத்தோங்கில் இருக்கும் வீட்டிலும் அப்படித்தான், மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் சீட்டு உண்டு. ஒழுங்கான மனிதர். அதனால்தான் எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். ஒழுங்கில்லாதவர்களிடம் நான் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

அவருடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா, பெரியப்பா எல்லோரும் கிளார்க்குகள். ஓய்வு பெற்ற மறுமாதம் இவர் ஒரு பழைய சிவப்பு இத்தாலி மோட்டார் சைக்கிள் வாங்கியதும் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மனைவி பிரியந்தி சிரிக்கவில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு வருடம் ஞாயிறுதோறும் இருவரும் பாலிக் புலாவ் போய் வந்தார்கள்.

போன மார்ச்சில் பிரியந்திக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. அப்போதுதான் என்னை வேலைக்கு அழைத்தார்கள். நோயாளிகளைப் பராமரிக்க முறையாகப் படித்து, இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய் அந்த வேலையைச் செய்கிறேன். மூக்கில் போட்டிருந்த குழாயை எடுக்க இரண்டு மாதம் பாடுபட்டோம். விழுங்கும் பயிற்சி தரும் காமினி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"வர்ற வியாழக்கிழமை திரும்ப பார்ப்பேன் அக்கா. அதுக்குள்ள புரையேறி நெஞ்சுல இன்ஃபெக்‌ஷன் வந்துச்சுன்னா, மறுபடி டியூப்தான்."

ஆகவே பத்து மணிக் கஞ்சி விளையாட்டில்லை. கெட்டியாக்கிய கஞ்சியில் அரைக் கரண்டி, தாடையைத் தாழ்த்த வேண்டும், விழுங்க வேண்டும், பொறுக்க வேண்டும், அடுத்தது. நாற்பது நிமிடம் பிடிக்கும். திடுக்கிட்டால் புரையேறும்.

சரியாக அந்தப் பத்து மணிக்குத்தான் பரமநாதன் வாசலில் வண்டியின் எக்ஸோஸ், அதாவது புகைக்குழாய், சோதிப்பார். சிம்பாங் அம்பாட்டில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் ஹஸ்ருல், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மாட்டிக் கொடுப்பான். முதலில் கார்பன் குழாய், அப்புறம் டைட்டானியம். இரண்டுக்கும் சீட்டு எழுதியாயிற்று: எடை, சூடு, இன்ஜின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றில் ஓடினால் சத்தம், நாலாயிரத்தில் சத்தம், உள்ளே இருக்கும் சத்தம் குறைக்கும் செருகியைக் கழற்றினால் எப்படி, கழற்றாவிட்டால் எப்படி. ஏன் பத்து மணி? அதற்கு முன்னால் அக்கம்பக்கத்தார் திட்டுவார்களாம். அக்கம்பக்கத்தாரை நினைக்கத் தெரிந்திருக்கிறது.

"ஐயா, அவங்க சாப்பிடற நேரம். நிறுத்துங்க."

"ரெண்டே நிமிஷம்க்கா. இது ஒன்றரை கிலோதான். கம்பெனி எக்ஸோஸ் நாலு கிலோ, தெரியுமா?"

"ஒரு வாய் கஞ்சி அஞ்சு கிராம். அது உள்ள போகல. அது தெரியுமா உங்களுக்கு?"

அவர் முகம் சுருங்கியது. "அவளுக்காகத்தானேக்கா தேடுறேன். வண்டி வாங்கும்போது ஒரு எக்ஸோஸ் இருந்துச்சு. ரோட் பிளாக்ல ஜேபிஜே, அதான் ரோடு போக்குவரத்து ஆபீசருங்க, சத்தம் அதிகம்னு பிடிச்சதும் கழற்றி யாருக்கோ குடுத்துட்டேன். பழகின சத்தம் கேட்டா பேச்சு வரும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்கல்ல? அந்தச் சத்தம் இன்னும் கிடைக்கல."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சீட்டைப் பிடுங்கி அவர் முன்னால் நீட்டினேன்.

"பழகின சத்தம்னா உங்க குரல். பக்கத்துல உட்கார்ந்து பேசச் சொன்னாங்க, இன்ஜினை முறுக்கச் சொல்லல. இதுல எல்லாத்துக்கும் கட்டம் போட்டிருக்கீங்களே, பிரியந்திக்குக் கட்டம் எங்க? நாளைக்குக் கஞ்சி நீங்கதான் குடுக்கிறீங்க."

மறுநாள் கரண்டியைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் நின்றேன். ஆறு வாய் நன்றாகப் போயிற்று. ஏழாவது வாயில் வெளியே இடி விழுந்த மாதிரி சத்தம். மூன்றாவது எக்ஸோஸோடு ஹஸ்ருல் வந்திருந்தான். செருகியைக் கழற்றிவிட்டு இன்ஜினை முறுக்கினான்.

பிரியந்தியின் உடம்பு தூக்கிப்போட்டது. கஞ்சி தொண்டையில் சிக்கி, உதடு நீலமாயிற்று. முன்னால் சாய்த்து, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கித் தட்டினேன். நான்காவது தட்டில் வெளியே வந்தது. இருமினார், மூச்சு வந்தது. பரமநாதன் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். பிறகு வாசலுக்கு ஓடி ஹஸ்ருலிடம் கத்தினார்.

"அங்கிள்தானே எப்பவும் போலப் பத்து மணிக்கு வரச் சொன்னீங்க," என்றான் அவன் மலாய் மொழியில், வெலவெலத்துப்போய். அவன் சொன்னது உண்மை.

பிரியந்தி தேறியதும் பரமநாதனை அவர் எதிரே உட்காரவைத்தேன். பிரியந்தி இடது கையால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. இந்த ஏற்பாடு அந்த வீட்டில் ஒரு மாதமாக இருக்கிறது.

"கேளுங்க," என்றேன்.

"பிரியா, பழைய எக்ஸோஸ் சத்தம் பிடிச்சிருந்துச்சா?"

இரண்டு தட்டு.

"ரெண்டு வருஷம் பின்னால உட்கார்ந்து வந்தியே?"

ஒரு தட்டு.

"அப்ப சத்தம்?"

இரண்டு தட்டு. இந்த முறை பலமாக. கிண்ணம் குலுங்கியது.

மூன்று எக்ஸோஸ், மூன்று வாரம், நாலாயிரம் சுற்றில் ஒரு சத்தம், ஆயிரத்தில் ஒரு சத்தம். கேட்க வேண்டியவரைக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதை அவரிடம் அப்படியே சொன்னேன். மென்மையாகச் சொல்லும் மனநிலை எனக்கில்லை.

அன்றே மூன்றும் சிம்பாங் அம்பாட்டுக்குத் திரும்பிப் போயின. மாடிப்படிக்குக் கீழே சீட்டோடு கிடந்த நாலு கிலோ கம்பெனி எக்ஸோஸ் வண்டிக்குத் திரும்பியது. அதையும் வாசலில் அவர் கிளப்பவில்லை. தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனார். நான் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சல் பார்த்தேன். மூன்று நாள் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவுக்கா?"

காய்ச்சல் வரவில்லை.

வியாழக்கிழமை காமினி பத்து வாய் கொடுத்துப் பார்த்தாள். கழுத்தில் விரல் வைத்து ஒவ்வொன்றையும் எண்ணினாள். "டியூப் வேணாம்," என்றாள்.

பரமநாதன் என்னைப் பார்த்துக் கைகூப்ப வந்தார். பத்து மணியாகிவிட்டது, கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள் என்றேன். என் கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. தீர வேண்டிய அவசியமும் இல்லை. அன்று கஞ்சி அவர்தான் கொடுத்தார். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால், "குடுக்கட்டா?" என்று கேட்டார். ஒரு தட்டு வரும்வரை கரண்டியைத் தூக்கவில்லை.

ஐம்பத்திரண்டு நிமிடம் ஆயிற்று. நான் குறுக்கே பேசவில்லை.