பூர்ணிமாவின் கட்டுரை யாருடையது?

குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்தில் பிறந்த பூர்ணிமா, மேல்விஷாரம் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பாலாற்றங்கரைக் கிணறுகளை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. விரிஞ்சிபுரம் வரை ஸ்கூட்டரில் போய், கிணறு கிணறாகத் தண்ணீர் பிடித்து வந்தார்.

கட்டுரை ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் வெளிவந்தது. அந்தச் சந்தோஷத்தில் அதை அப்படியே கல்லூரி இணையதளத்தில் ஏற்றினார். சில வாரங்களில் இதழ் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது: பதிப்புரிமை எங்களுடையது, உடனே நீக்கவும். ஒப்பந்தத்தைப் படிக்காமலேயே ‘சம்மதம்’ என்று அழுத்தியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நீக்கிவிட்டார். பயம் மட்டும் போகவில்லை. கோர்ட்டுக்கு இழுத்தால் வேலை என்னாகும்?

அந்த நேரம் பார்த்து விரிஞ்சிபுரம் விவசாயி கன்னியப்பன் போன் செய்தார்.

“மேடம், எங்க கெணத்து தண்ணிய எடுத்துனு போனீங்களே, இன்னா ஆச்சி?”

“கொஞ்சம் பொறுங்கண்ணா, சொல்றேன்.”

அவர் கிணற்றைப் பற்றி அவரிடமே சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றது பூர்ணிமாவுக்கு அவமானமாக இருந்தது. நேராகக் கல்லூரி நூலகர் ஜியாவுல்லாவிடம் போனார். இருவரும் உட்கார்ந்து ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தார்கள்.

“எழுதின வாசகம் அவங்களுது ஆயிடுச்சி மேடம். கண்டுபிடிச்ச விஷயம் யாருக்கும் சொந்தமில்ல. தமிழ்ல புதுசா எழுதுங்க.”

“மொழிபெயர்ப்புனு சண்டைக்கு வந்தா சார்?”

“எதுக்கு பேஜாரு? அவங்களயே கேட்டுடுங்க.”

கேட்டார். பதில் மரியாதையாகவே வந்தது. இதழில் வந்த வடிவத்தை மட்டும் ஏற்றக் கூடாது. முடிவுகளைச் சொந்த நடையில் எந்த மொழியிலும் எழுதலாம். மூலக் கட்டுரையைக் குறிப்பிட்டால் போதும். அன்று மதியம் பூர்ணிமா கேன்டீனில் வயிறாரச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பனின் பம்ப்செட் நிழலில் உட்கார்ந்து, பதிப்புரிமைத் தகராறால் தாமதமானதைச் சொல்லிவிட்டு, தமிழில் எழுதியதை வாசித்துக் காட்டினார்.

“அப்போ நம்ம கெணறு?”

“பயிருக்கு எறைக்கலாம்ணா. மத்த கெணத்த விட உப்பு கம்மிதான். குடிக்க மட்டும் வேணாம்.”

கன்னியப்பன் நிம்மதியாக மூச்சு விட்டார். கிணறு பாழாகிவிட்டதென்று நினைத்து, நிலத்தை விற்றுவிடலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

“இத ஜெராக்ஸ் எடுத்து பக்கத்து கொல்லையில பயிர் வெக்கிறவங்களுக்கு குடுக்கலாமா மேடம்? கேசு கீசு ஆவாதே?”

“ஆவாதுண்ணா. இது நான் எழுதனது. எவ்ளோ வேணாலும் எடுத்துக்குங்க.”