வேலைநிறுத்தக்காரர் தள்ளிய வண்டி

பதுளையில் தேயிலைக் கம்பெனிகளுக்குத் தொழிற்சட்ட ஆலோசனை வழங்கிவந்த காலத்தில், நமுனுகுலப் பக்கத் தோட்டமொன்றில் வேலைநிறுத்தம் நடந்தது. கங்காணியை எதிர்த்துக் கைநீட்டினார் என்று மாரிமுத்து என்னும் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கியிருந்தனர். அவருடைய குடும்பத்தை, தோட்டம் கொடுத்திருந்த வரிசைவீடான லயத்து அறையிலிருந்தும் உடனே வெளியேற்றலாமா என்று தோட்டத்துரை கேட்டிருந்தார். வெளியேற்றலாம் என்று சொல்லவே நான் புறப்பட்டேன்.

தோட்டத்து வளைவில் என் மோட்டார் வண்டி சேற்றில் புதைந்தது. அருகே வேலைநிறுத்தக்காரர்கள் கூடியிருந்தனர். நான் யாரென்பதை மறைக்காமல் கூறி உதவி கேட்டேன்.

“ஸ்டிரைக்குல ஒரு வேலையும் தொடக்கூடாதுன்னு பேசியிருக்கோம்ல?” என்றான் ஓர் இளைஞன்.

“இது என்ன தோட்டத்துக் காரா? பதுளை ஐயா காருடா,” என்றாள் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி. பின்பு என்னிடம், “வேலைய விட்டு நிப்பாட்டினது எங்க வீட்டுக்காரரத்தாங்க. எங்கள வெரட்டத்தானே போறீங்க? நாங்களே தள்ளிவிடுறோம். ஆனா அவரு சொல்றதையும் கேட்டுட்டு வெரட்டுங்க,” என்றாள். கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்காமல் வண்டியில் கைவைத்தாள். எல்லோரும் சேர்ந்து தள்ளினர்.

பங்களாவில் துரை என் விடைக்காகக் காத்திருந்தார்.

“முதலில் மாரிமுத்துவை அழைத்து விசாரியுங்கள். அதுவரை அறையைத் தொடவேண்டாம்,” என்றேன். துரைக்கு அது உவப்பாக இல்லை, எனினும் இணங்கினார். விசாரணையில் கங்காணியின் குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. மாரிமுத்து மீண்டும், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் நின்றார்.

அதன்பின் எந்தக் கம்பெனி ஆலோசனை கேட்டாலும், நீக்கப்பட்டவர் என்ன சொன்னார் என்றே முதலில் வினவினேன். ‘கேட்கவில்லை’ என்பதே பெரும்பாலும் கிடைத்த விடை.