உப்புப் பார்க்காத இறால்

மகள் தானாகவே விரும்பிய பையனின் தாயும் தகப்பனும் கிறிஸ்து பிறந்த நத்தார் நாள் பின்னேரம் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அவர்கள் வட்டுக்கோட்டையில் தோட்டம் செய்கிற சைவக் குடும்பம். நாங்கள் உடுவிலில் தலைமுறைகளாகச் சேர்ச்சுக்குப் போகிறவர்கள். வந்தவர்களை இருத்திவிட்டு நான் அடுப்படியில் நிற்கக்கூடாது என்று, சட்டென்று பொரித்து மேசையில் வைக்கிற மாதிரி மூன்று பண்டங்களை யோசித்து வைத்திருந்தேன். மிளகும் உள்ளியும் தேசிப்புளியும் பிரட்டிய இறாலை ஈர்க்கில் குத்திப் பொரிப்பது ஒன்று. கணவாயை வளையமாக வெட்டி அரிசிமாவில் தோய்த்துப் பொரிப்பது இன்னொன்று. மூன்றாவது, வதக்கிய நண்டுச் சதையைச் சின்னப் பாண் துண்டுகளில் வைப்பது.

நாலு நாளாகக் கடல் சரியில்லை. நத்தாருக்கு முதல் நாள் காலை கணவர் மயிலிட்டித் துறைக்குப் போய் இறாலும் கணவாயும் கொண்டு வந்தார். நண்டு கிடைக்கவில்லை. அது போதும் என்றுதான் மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் இருக்க முடியவில்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். மேசை விரிப்பை மூன்று தரம் மாற்றினேன்.

நத்தார் விடியற்காலை, ஆராதனைக்குப் புறப்படுமுன் இறாலை உடைத்துக்கொண்டிருந்தேன். கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்டது. ஒரு கிழமையாகத் தினமும் கேட்டதுதான். அன்றைக்குத்தான் காதுக்குள் போனது. மார்கழியில் அது பாடுகிற பத்து நாளும் சைவக்காரர் பலர் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டார்கள். என் கை அப்படியே நின்றுவிட்டது.

மகளை எழுப்பினேன்.

"பிள்ளை, அவை திருவெம்பாவைக்கு மச்சம் சாப்பிடுவினமோ?"

"தெரியாதம்மா. நான் கேக்கேல்லை."

"இப்ப போன் எடுத்துக் கேளன்."

"விடியவெள்ளன எடுத்து இதையோ கேக்கிறது? வந்தாப் பிறகு பாப்பம்."

அவள் திரும்பிப் படுத்துவிட்டாள். சேர்ச்சில் போதகர் என்ன பிரசங்கித்தார் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பொரிக்கிற தாச்சியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் மீன் பொரிக்காத தாச்சியே இல்லை.

திரும்பி வந்ததும், சேலையைக்கூட மாற்றாமல் மழைத் தூறலில் அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே இருக்கிற அக்கா சைவக்காரி.

"அக்கா, உங்கடை தாச்சியை ஒருக்காத் தருவீங்களோ? சைவ ஆக்கள் வருகினம்."

அவர் உள்ளே போய் எடுத்து வந்து, கொடுக்காமல் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"மச்சம் போட்டிடாதேங்கோ, என்ன?"

"சத்தியமாய் இல்லை அக்கா."

வளவில் நின்ற மரவள்ளியைக் கிண்டி, கிழங்கை அவித்து மசித்துக் கட்லட் பிடித்தேன். புதுப் போத்தல் எண்ணெயில் பொரித்தேன். ஒருவேளை சாப்பிடுவார்களோ என்று இறாலையும் கணவாயையும் எங்கள் தாச்சியில் பொரித்து அடுப்படியில் மூடி வைத்தேன். வீடு முழுக்க இறால் மணம். யன்னல்களைத் திறந்தேன். அதுவும் போதாதென்று சாம்பிராணி போட்டேன்.

"என்னப்பா, இது நத்தாரோ, தேர்த்திருவிழாவோ?" என்றார் கணவர். நான் சிரிக்கவில்லை.

நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். அந்த அம்மா நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். கையில் மூடிய எவர்சில்வர் பாத்திரம். உட்காரும் முன்னமே அதை என்னிடம் நீட்டினார்.

"நத்தார் வீட்டுக்கு மரக்கறியோடை வாறதோ எண்டு யோசிச்சன். இறால் பிரட்டல். இப்ப வீட்டுக்குள்ளை மச்சம் ஏத்திறேல்லை, பின்வளவிலை கல்லு வைச்சுக் காய்ச்சினனான். நாங்கள் ரெண்டு பேரும் விரதம். உப்புப் பாக்கேல்லை. எப்பிடி இருக்கோ தெரியாது."

பாத்திரத்தை வாங்கி மேசை நடுவில் வைத்தேன். அந்த அம்மாவும் காலையிலிருந்து என்னைப் போலவே அந்தரப்பட்டிருக்கிறார்.

மேசையில் நான் முதலில் அவருடைய இறாலைத்தான் வாயில் வைத்தேன். உப்பு துளியும் இல்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்புக் காணுமோ?"

"அளவாய் இருக்கு."

கணவரும் தலையாட்டிவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். மகள் குனிந்த தலை நிமிரவில்லை. அந்த அம்மா கட்லட்டை எடுக்காமல் பார்த்தபடி இருந்தார். நான் மெல்லச் சொன்னேன்:

"உது அடுத்த வீட்டுத் தாச்சியிலை பொரிச்சது. மச்சம் தொடாத தாச்சி."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு இரண்டை எடுத்து, ஒன்றைத் தன் கணவரின் தட்டில் வைத்தார்.

புறப்படும்போது படலையடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கலியாணத்தைச் சேர்ச்சிலை வையுங்கோ, மண்டபத்திலை வையுங்கோ, எங்களுக்கு ஒண்டுமில்லை. சாப்பாடு மட்டும் சைவமாய் இருக்கட்டும்."

"ஓம்" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போன பிறகுதான் என் அண்ணையின் முகம் நினைவுக்கு வந்தது. ஆட்டிறைச்சி இல்லாத கலியாணத்தை அவர் கலியாணமாகவே எண்ணமாட்டார். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். நான் பொரித்த இறாலும் கணவாயும் தொடப்படாமல் ஆறிக் கிடந்தன.

"என்ன கேட்டவ?" என்றார் கணவர்.

சொன்னேன்.

"நீர் என்ன சொன்னனீர்?"

"ஓம் எண்டன்."

அவர் ஒரு கணவாய் வளையத்தை எடுத்துக் கடித்தார். "அண்ணைக்கு ஆர் சொல்லுறது?"

நான்தான் சொன்னேன், தைப்பொங்கல் கழித்து. ஆவணியில் சேர்ச்சில் தாலி கட்டினார்கள், மண்டபத்தில் வாழையிலை போட்டுச் சைவச் சாப்பாடு. அண்ணை வந்தார். பாயாசம் இரண்டு தரம் வாங்கினார். என்னோடு மட்டும் கதைக்கவில்லை.