சேதாரம் போக நூற்று நாற்பத்து நான்கு

டைல்ஸ் ஒட்டும் சில்லு வென்றவற்றில் முதலில் வருவது, சாரத்தில் ஏறும் உரிமை. பொம்பளை ஏறினால் சாரம் ஆடும் என்றவர்களின் வாயை, ஆடாமல் ஏறி அடைத்தாள். அடுத்து, டைல்ஸ் வெட்டும் போட்டியில் முதல் பரிசு. பரிசாகத் தந்த சட்டைக்குள் இன்னொருத்தியும் நுழையலாம். அப்புறம், கணக்கில் தேர்ச்சி. வீட்டில் யாரும் எதிர்பார்க்காதது இதுதான். அண்ணன் மட்டும் எதிர்பார்த்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டான்.

அவள் டைல்ஸ் ஒட்டி முடித்த தரைக்கெல்லாம் மேஸ்திரிதான் கையெழுத்துப் போட்டுவந்தார். தலைமைத் தொழிலாளி தேர்வில் தேறினால் அவளே போடலாம். அதற்காகவே மாலை வகுப்பில் சேர்ந்தாள்.

முதல் நாள் டீச்சர் பலகையில் ஐந்து எழுதி, அதன் தலையில் சின்னதாக ஒரு இரண்டு போட்டார்.

“ஏழு,” என்றாள் சில்லு.

“எப்படிக்கா ஏழு?”

“அஞ்சு டைல்ஸ், சேதாரத்துக்கு ரெண்டு. நாங்க செவுத்துல இப்படித்தான் எழுதுவோம்.”

டீச்சருக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. “வரிசைக்கு அஞ்சு. அதே மாதிரி அஞ்சு வரிசை.”

“இருபத்தஞ்சு. இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?”

தலையில் மூன்று வந்தபோது அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் புரிந்துகொண்டாள். நான்கு வந்ததும் வீட்டில் சண்டை.

“நீளம், அகலம், உயரம் எல்லாம் முடிஞ்சுதுண்ணே. நாலாவதை எங்க ஒட்டுறது?”

“ஒட்டாதடி, இன்னொரு தடவை பெருக்கு.”

“பெருக்கிட்டு எங்க வைக்கிறது?”

தேர்வில் சதுர அறை ஒன்று வந்தது. பக்கத்துக்குப் பன்னிரண்டு டைல்ஸ், மொத்தம் எத்தனை? 144 என்று சரியாக எழுதினாள். பழகிய கை சும்மா இருக்கவில்லை. தலையில் சின்னதாக ஆறு போட்டது.

தேர்வாளர் அவளைக் கூப்பிட்டார். “என்னம்மா இது? அடுக்கு ஆறா? ஒரு நாட்டுக்கே தரை போடலாமே!”

சில்லுவுக்கு வியர்த்துவிட்டது. “ஐயோ சார், அது சேதாரம்! ஆறு உடையும்னு போட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, ஒன்பதோட வர்க்கம்?”

“எண்பத்தொன்னு. அதுல ஒன்னும் உடையாது சார்.”

இன்னும் சில கேட்டார். எதிலும் அவள் தடுமாறவில்லை.

அடுத்த வேலை ஒரு மருந்துக்கடையின் தரை. முடிந்ததும் மேஸ்திரி வழக்கம்போல் பேனாவைத் திறந்தார். சில்லு கையை நீட்டினாள்.

“கோணாம போடு,” என்றார் அவர்.

“நூல் பிடிச்சா போடணும்?”

தன் வேலைக்குக் கீழே அவள் முதன்முதலாகத் தன் பெயரை எழுதியது அன்றுதான். மேஸ்திரி அதைச் சனிக்கிழமை என்கிறார், தவறு. ஜூன் ஒன்பது, வெள்ளிக்கிழமை.