பட்டன், காலர், ஏழு

மண்ணரையில் எங்கள் பனியன் கம்பெனி, தாராபுரத்தில் அதன் கிளை. துணி வெட்டுவதற்குப் பேட்டர்ன் போடும் சாஃப்ட்வேருக்குப் புதுப் பதிப்பு வந்தால் நான் இங்கிருந்து நெட்டில் அனுப்புவேன், அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவர் இறக்கிக்கொள்வார். ஒருமுறை வழியிலேயே கோப்பு பழுதாகி, தாராபுரத்தில் கட்டிங்கே நின்றுவிட்டது. அன்றிலிருந்து முதலாளி உத்தரவு: இரண்டு பக்கமும் ஹேஷ் ஒத்துப்போனால்தான் ஏற்ற வேண்டும்.

ஹேஷ் என்பது கோப்பு முழுவதையும் கணக்குப் போட்டுக் கிடைக்கும் அறுபத்து நான்கு எழுத்தும் எண்ணும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் வரிசையே மாறிவிடும். பெயரும் அளவும் ஒன்றுதானே என்று நம்பக்கூடாது. இரண்டு சாயப்பட்டறை நேவி ப்ளூவை ஒரே சட்டைக்கு வெட்டியவர்களுக்கு இது தெரியும்.

நானும் தாராபுரத்துக்காரரும் அதை போனில் படித்து ஒப்பிட்டோம். பி, டி, இ எல்லாம் போனில் ஒன்றாகவே கேட்கும் என்பதால் பி பட்டன், சி காலர், டி டையிங், இ எலாஸ்டிக் என்று வைத்துக்கொண்டோம். “பட்டன், காலர், ஏழு” என்று அவர் நிதானமாக ஆரம்பித்தால் எனக்குத் தலைகால் புரியாது. அவ்வளவு சந்தோஷம். பக்கத்து மேசை கட்டிங் மாஸ்டர், பட்டனில் அப்படி என்ன சிரிப்பு அம்மிணி என்று கேட்டே என்னை ஒருவழி ஆக்கிவிடுவார்.

அந்த வரிசையைக் காப்பி செய்து ஒட்டினால் கம்ப்யூட்டரே ஒரு நொடியில் ஒப்பிட்டுவிடும். எனக்குத் தெரியும். அவர் தெரியாமல் படிக்கிறாரா, தெரிந்தே படிக்கிறாரா? அதுதான் என் தவிப்பு. கேட்டால் படிப்பதே நின்றுபோகுமே என்று வாயைத் திறக்கவில்லை.

முதலாளிக்கு யார் சொன்னார்களோ, தானாகவே ஹேஷ் பார்க்கும் ஒரு வசதியை வாங்கிப் போட்டுவிட்டார். சரியாக இருந்தால் பச்சை டிக் வரும். எனக்கு வந்த கோபத்தில் கீபோர்டைத் தட்டிய தட்டில், மாஸ்டர் தன் டீயை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

அடுத்த பதிப்பை அனுப்பினேன். இங்கும் பச்சை, அங்கும் பச்சை. கூப்பிட ஒரு காரணமும் மிச்சமில்லை. அந்த டிக்கை முறைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“டிக் வந்துருச்சுங்க,” என்றார்.

நல்லது என்றேன், விறைப்பாக.

“காப்பி பண்ணி ஒட்டியும் பாத்துட்டனுங்க. சரியா இருக்குதுங்க.”

அப்படிப் பார்க்கலாம் என்று எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். முதல் நாளிலிருந்தே தெரியும் என்றார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். மாஸ்டர் மறுபடி டீயை நகர்த்தினார்.

“அப்பறம் எதுக்குங்க கூப்பிட்டீங்க?”

“நாம இன்னும் படிக்கலீங்களே.”

எலாஸ்டிக், என்று ஆரம்பித்தேன்.