சாப்பிட்ட கையோடு குடித்த டீ

பிரசவத்துக்காக அபிராமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மகளுக்கு, தினமும் முருங்கைக்கீரையும் சுண்டலும் கொடுத்தும் இரத்தம் ஏறவில்லை. "இப்படியே போனால் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். நான் பயந்துபோனேன்.

அடுத்த தெருவிலிருந்து தினமும் மதியம் வரும் என் கணவரின் அக்காவோ, "பொண்ணு வெளுத்துப்போய் கீது. ஆக்குற கீரைய எல்லாம் நீயே துன்றியாமே?" என்று அக்கம்பக்கம் கேட்கப் பேசுவார். எனக்கு உள்ளுக்குள் எரியும்.

அடுத்த முறை போனபோது, சாப்பிட்டதும் மகள் என்ன குடிக்கிறாள் என்று டாக்டர் கேட்டார். டீ என்றேன். "கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேராமல் டீ தடுக்கும்" என்றார். 'அப்பதான் ஜீரணமாவும்' என்று அந்த டீயைத் தினமும் போட்டு மகள் கையில் திணித்ததே கணவரின் அக்காதான்!

மறுநாள் அவர் அடுப்படிக்குள் நுழைந்ததும், "டீ இனிமே சாயந்திரம்தான், அண்ணி" என்றேன்.

"ஒரு கிளாஸ் டீக்கு இம்மாம் பேச்சா? இனி இந்த வூட்டு வாசல மிதிச்சா ஏன்னு கேளு!" என்று போனவர், பேரன் பிறந்தும் வரவில்லை.

இரத்தம் ஏற்றாமலே பிரசவமானது. இரும்புச்சத்து நன்றாகச் சேர, இப்போது கீரையில் எலுமிச்சை பிழிகிறேன். சாப்பாட்டை ஒட்டி யாருக்கும் டீ கிடையாது. அவரைச் சமாதானப்படுத்தவும் நான் போகவில்லை.